வேலை முடிந்து வீடு திரும்பியவர் அரசியலை எப்படி அறிந்துகொள்வது?

பகல் முழுவதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு மாலையில் இரண்டு மணி நேரம் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்ப்பதாகவும், நாட்டு நடப்பு ஒவ்வொன்றைப் பற்றியும் உங்களுக்குத் திடமான கருத்து இருப்பதாகவும், ஆனால் சக ஊழியர் ஒருவர் "அந்தச் சட்டம் சரியாக என்னதான் செய்கிறது?" என்று கேட்டபோது இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட வேண்டுமா, விட்டுப்போன வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது, அலுவலகத்தில் அரசியல் பேசலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். செய்தித்துறையில் நீண்ட காலம் பணியாற்றியவன், விவாத நிகழ்ச்சிகள் உருவாகும் அறையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் தொழிலில் ஒரு விஷயத்தைத் தெரியும் என்று சொல்வதற்கு முன் நீங்கள் எவ்வளவு சரிபார்ப்பீர்களோ, அதே அளவுகோலை அரசியலுக்கும் கொண்டுவாருங்கள். எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது என்பது பெரும்பாலும் அதிலிருந்தே தெளிவாகிவிடும்.

உங்களுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேர்வதுதான். 2002இல் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கைல் என்ற இரு உளவியலாளர்கள், ஜிப், கழிப்பறைத் தொட்டி போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று மக்களைக் கேட்டு, அவர்களையே மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அந்த இயக்கத்தைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் பெரும்பாலானோர் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். பிலிப் ஃபெர்ன்பாக்கும் அவருடைய குழுவினரும் 2013இல் இதே சோதனையை அரசியல் கொள்கைகளை வைத்துச் செய்தார்கள். ஓய்வு பெறும் வயதை உயர்த்துவது, கார்பன் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து உரிமங்களை விற்பது போன்ற கொள்கைகள் எப்படிச் செயல்படும் என்று விளக்கச் சொன்னபோது, தங்களுக்குப் புரிந்திருப்பதாக நினைத்த அளவு குறைந்ததோடு நிலைப்பாட்டின் தீவிரமும் தணிந்ததாக அவர்கள் கண்டார்கள். 2021இல் வெளியான மறுசோதனைகளில், தீவிரம் தணியும் என்ற முடிவு கிடைக்கவில்லை. புரிந்திருப்பதாக நினைத்த அளவு குறையும் என்ற முடிவு மட்டும் மீண்டும் உறுதியானது. அதாவது, விளக்க முயன்றால் நமக்குத் தெரியாதது எவ்வளவு என்பது தெரியவரும். அதனால் நம் சார்பு மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதிகம் தெரிந்துகொண்டால் தன் தரப்பைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமோ என்று தயங்குகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த முடிவு ஆறுதலாக இருக்கக்கூடும்.

இந்த ஆய்வுகளை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு கொள்கையை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்பது ஒரு கேள்வி. அது எப்படி நடைமுறைக்கு வரும் என்பது வேறொரு கேள்வி. விவாத நிகழ்ச்சி முதல் கேள்வியை மட்டுமே கேட்கிறது. தலைப்பு பெரும்பாலும் பிற்பகலில்தான் முடிவாகும். விருந்தினர்களை ஒருங்கிணைப்பவர் தொலைபேசியில் அழைத்தவுடன் தெரிந்துகொள்ள விரும்புவது, நீங்கள் இதை ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்பதைத்தான். சில பிரிவுகள் நன்றாக இருக்கின்றன, ஒரு பிரிவு சிக்கலானது, அதற்கான விதிகள் இன்னும் வகுக்கப்படவில்லை என்று பதில் சொல்லும் வல்லுநர் அடுத்த முறை அழைக்கப்படுவது அரிது. அவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பர இடைவேளைகளும் நெறியாளரின் முன்னுரையும் கேள்விகளும் போக மீதி நேரத்தை நான்கைந்து பேர் பங்கிட்டுக்கொண்டால் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும், அதுவும் துண்டு துண்டாக. யாராவது ஒருவர் நிதானமாக விளக்கத் தொடங்கினால், கட்டுப்பாட்டு அறையிலிருக்கும் தயாரிப்பாளர் நெறியாளரின் காதில் அடுத்தவரிடம் போகச் சொல்வார். நான் பார்த்தவரை இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. நெறியாளர்களில் பலர் நன்றாகப் படித்துத் தயாராகி வருகிறவர்கள். மோதலைச் சுற்றிக் கட்டப்பட்ட அந்த வடிவத்துக்குள், அவர்கள் படித்து வந்தது வெளிப்பட இடமில்லை.

செய்தி அறிக்கையிலும் இதே நெருக்கடி வேறு விதத்தில் இருக்கிறது. அரசியல்வாதி தன் சொந்தக் குரலில் இடையறாமல் பேசும் துண்டைச் செய்தி அறைகளில் 'பைட்' என்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் அதிபர் வேட்பாளர்களின் பைட் சராசரியாக எவ்வளவு நீளம் இருந்தது என்பதை டேனியல் ஹாலின் என்ற ஆய்வாளர் அளந்தார். 1968 தேர்தலில் 43 நொடிகளாக இருந்தது 1988 தேர்தலில் 9 நொடிகளாகச் சுருங்கியிருந்தது. ஒன்பது நொடிகளில் ஒரு நிலைப்பாட்டை அறிவித்துவிடலாம். இந்த வரியைக் குறைத்தால் இந்த வருவாய் இவ்வளவு குறையும், அதை ஈடுகட்ட இன்னின்ன வழிகள் உண்டு என்று ஒரு சங்கிலியை விளக்க முடியாது. பல ஆண்டுகள் ஒன்பது நொடிகளுக்குள் பேசிப் பழகிய அரசியல்வாதி, நேரம் கொடுத்தாலும் ஒன்பது நொடிகளுக்குரியதையே பேசுகிறார் என்பதுதான் எனக்கு இதில் அதிகம் வருத்தம் தருவது.

இன்னும் ஆழமான ஒன்றை ஷாந்தோ ஐயங்கார் 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வறுமையைப் பற்றிய செய்தியை ஒரே ஒரு குடும்பத்தின் கதையாகக் காட்டும்போது, பார்வையாளர்கள் அந்த நிலைக்கு அந்த மனிதர்களையே பொறுப்பாக்க முனைந்தார்கள். அதே வறுமையைப் பொதுவான போக்காக, பின்னணியோடு காட்டும்போது பொறுப்பு அரசின் மீதும் சமூகத்தின் மீதும் சென்றது. தொலைக்காட்சிக்கு முகம் வேண்டும், நிகழ்வு வேண்டும், இன்று நடந்தது வேண்டும். பத்து ஆண்டுகளாக மெல்ல நடந்துவரும் ஒன்றைப் படம் பிடிக்க முடியாது. நிலத்தடி நீர் இறங்குவதும் ஓய்வூதிய நிதியின் கணக்கு மாறுவதும் நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்குவதும் கேமராவுக்குள் வராதவை. ஆனால் அரசியலின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

பார்ப்பவர் பக்கத்திலும் ஒன்று நடக்கிறது. காவ்ரியேல் சாலமன் 1984இல் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், தொலைக்காட்சியை எளிதென்றும் அச்சைக் கடினமென்றும் கருதிய குழந்தைகள் தொலைக்காட்சிக்கு மனத்தை அதிகம் செலுத்தவில்லை; அதற்கேற்பக் குறைவாகவே கற்றார்கள். பெரியவர்களிடமும் இதையொத்த ஒன்றை நான் காண்கிறேன். அலுவலகத்தில் ஒரு அறிக்கை கையில் வந்தால் பேனாவை எடுத்துக்கொள்கிறவர், அதே பொருளைப் பற்றிய நிகழ்ச்சியைச் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறார். ராபர்ட் கியூபி, மிஹாய் சிக்சென்ட்மிஹாயி இருவரும் மக்களிடம் பீப்பர் கருவிகளைக் கொடுத்து நாளின் வெவ்வேறு வேளைகளில் மனநிலையைப் பதிவு செய்யச் சொன்னார்கள். தொலைக்காட்சி பார்க்கும்போது உடலும் மனமும் தளர்ந்து இதமாக இருப்பதாகப் பலர் எழுதினார்கள். நிறுத்தியவுடன் அந்த இதம் போய்விடுகிறது, மந்தம் மட்டும் தங்கிவிடுகிறது என்பதும் அந்தப் பதிவுகளிலிருந்து தெரிந்தது. களைத்து வந்தவர் ஓய்வுக்காகப் பார்ப்பதில் தவறே இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை நீங்கள் அறிவுக்கணக்கில் எழுதிவைத்திருப்பதுதான் சிக்கல். அதை ஓய்வுக்கணக்கில் எழுதிவிட்டால், அரசியலை அறிந்துகொள்ள வேறு நேரம் தேவை என்பது தானாகவே தெரியவரும்.

தொலைக்காட்சிக்கென்று உண்மையான பலமும் உண்டு. அது மனிதரைக் காட்டுகிறது. 1960 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க அதிபர் வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் நேருக்கு நேர் விவாதித்ததை ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் பார்த்தார்கள். வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் நினைத்தார்கள் என்று சொல்லப்படுவதற்கு ஆதாரமான கருத்துக்கணிப்பு வலுவற்றது என்று பின்னர் ஆய்வாளர்கள் விமர்சித்தார்கள். ஆனால் ஜேம்ஸ் ட்ரக்மன் அதே விவாதத்தை மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒலியாக மட்டும், மற்றவர்களுக்குக் காட்சியோடு கொடுத்து நடத்திய சோதனையில் (2003இல் வெளியானது), காட்சியாகப் பார்த்தவர்கள் ஆளுமையைப் பற்றிய மதிப்பீட்டை அதிகம் சார்ந்திருந்தார்கள். கென்னடி வென்றார் என்று கருதவும் அவர்களே அதிகம் முனைந்தார்கள். ஒரு தலைவர் எதிர்பாராத கேள்விக்கு எப்படி முகம் மாறுகிறார், தோல்வியை எப்படி ஏற்கிறார் என்பதெல்லாம் வாக்களிப்பவர் அறிய வேண்டிய செய்திதான். அது கொள்கையைப் பற்றிய செய்தியாகாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடாளுமன்றத்துக்குள் கேமரா சென்ற பிறகும் இந்த எல்லை மாறவில்லை. பிரிட்டனில் மக்களவை நடவடிக்கைகள் 1989 நவம்பர் 21 முதல் தொலைக்காட்சியில் வரத் தொடங்கின. அதில் உலகம் முழுவதும் சுற்றிவருவது பிரதமரிடம் கேள்வி கேட்கும் அரை மணி நேரம்தான். ஒரு மசோதாவை வரி வரியாகப் பரிசீலிக்கும் குழுக்கூட்டத்தைப் பார்க்க யாரும் காத்திருப்பதில்லை. இந்தியாவில் நாடாளுமன்றத்தின் துறைவாரி நிலைக்குழுக்கள் 1993 முதல் இயங்குகின்றன. அவற்றின் கூட்டங்கள் மூடிய கதவுகளுக்குள் நடப்பதால் கேமராவுக்கு அங்கே வேலையே இல்லை. அவற்றின் அறிக்கைகள் மட்டும் வெளியாகின்றன. படிக்க விரும்புகிறவருக்கு இணையத்தில் கிடைக்கின்றன. அவையில் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கும் உறுப்பினர்கள் குழுவில் ஒரே அறிக்கையை ஏற்றிருப்பதையும், உடன்படாதவர் தன் மறுப்புக் குறிப்பைக் காரணங்களோடு இணைத்திருப்பதையும் அங்கே பார்க்கலாம். அந்த மறுப்புக் குறிப்புகளை விவாத நிகழ்ச்சிகளைவிட மேலானவையாக மதிக்கிறேன். கத்த முடியாத இடத்தில் மனிதர்கள் வாதத்தைக் கூர்மையாக்குகிறார்கள்.

இரண்டாவது கேள்வி, வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது என்பது. பொதுவாக அறிவுரை சொல்பவர்கள் தடிமனான வரலாற்று நூல்களின் பட்டியலைத் தருவார்கள். நீங்கள் உங்கள் தொழிலிலிருந்து தொடங்குங்கள். ஏதோ ஒரு சட்டத்தின் கீழ்தான் உங்கள் வேலை நடக்கிறது: செவிலியரென்றால் மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் சட்டம், கட்டுமானப் பொறியாளரென்றால் ஒப்பந்தப்புள்ளி விதிகள், மென்பொருள் துறையென்றால் தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம், எந்த ஊழியரென்றாலும் வேலை நேரமும் பணிக்கொடையும் பற்றிய சட்டங்கள். எட்டு மணி நேர வேலை நாள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை. அதை எந்தெந்த நாடுகள் ஏற்றன, உங்கள் துறைக்கு என்ன விலக்குகள் இருக்கின்றன என்று தேடத் தொடங்கினாலே அரசியல் எப்படி இயங்குகிறது என்பதில் பாதி புரிந்துவிடும். இப்படித் தொடங்குவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நடைமுறை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், சட்டத்தின் சொற்களுக்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளி உடனே கண்ணில் படும். உங்கள் துறையைப் பற்றிய செய்திகள் எவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்பதையும் அளந்துவிடலாம். எந்தச் செய்தியாளர் உங்கள் துறையைச் சரியாக எழுதுகிறாரோ, அவர் நீங்கள் அறியாத துறையைப் பற்றி எழுதும்போதும் நம்பகமானவராக இருக்க வாய்ப்பு அதிகம். பலர் இந்தச் சோதனையைச் செய்வதேயில்லை. தங்கள் துறையைப் பற்றிய கட்டுரையில் பிழைகளைக் கண்டு கோபப்பட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் இருப்பதை முழுமையாக நம்பிவிடுகிறார்கள்.

சட்ட மசோதாவைப் படிப்பது கடினம் என்ற அச்சம் ஓரளவு உண்மைதான்; ஆனால் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ஒவ்வொரு மசோதாவுடனும் அதன் நோக்கங்களையும் காரணங்களையும் கூறும் அறிக்கை இணைக்கப்பட்டிருக்கும். பிரிட்டனில் அரசு கொண்டுவரும் மசோதாக்களுக்கு விளக்கக் குறிப்புகள் உண்டு. அதிலிருந்து தொடங்கி, வரையறைகள் இருக்கும் பிரிவுக்கும், பிறகு விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கும் பிரிவுக்கும் செல்லுங்கள். ஊழியர் என்றால் யார், நிறுவனம் என்றால் எது என்பதை வரையறைகளே முடிவு செய்கின்றன. எத்தனை பேர் அந்தச் சட்டத்தால் பயன்பெறுவார்கள் என்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தில் தீர்ந்துவிடுகிறது. விதி வகுக்கும் பிரிவைப் பார்த்தால், அவையில் விவாதிக்கப்படாமல் பின்னர் அதிகாரிகள் முடிவு செய்யப்போகிறவை எவை என்பது தெரியும். மாலை விவாதத்தில் ஒரு மாதம் ஓடும் சர்ச்சைக்கு விடை சில வேளைகளில் இந்த இரண்டு இடங்களில் இருக்கிறது.

வரவு செலவுத் திட்டத்தையும் இப்படியே அணுகலாம். நிதியமைச்சரின் உரையைக் கேட்டுவிட்டு, இவ்வளவு கோடி ஒதுக்கப்பட்டது என்ற எண்ணோடு நின்றுவிடுகிறோம். இந்திய ஒன்றிய அரசின் வரவு செலவு ஆவணங்களில் ஒரு திட்டத்துக்கு எதிரே நான்கு எண்கள் இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் மதிப்பிட்டது, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. முதலில் மதிப்பிட்டதையும் திருத்தியதையும் ஒப்பிட்டால் அறிவிப்பு எது, நடப்பு எது என்பது விளங்கும். அலுவலகத்தில் காலாண்டு இலக்கையும் எட்டிய அளவையும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவருக்கும் இது புதிய திறமையன்று. பணம் செலவானதா என்பதற்கு அடுத்தபடியாக, ஒழுங்காகச் செலவானதா என்பதைத் தணிக்கை அறிக்கைகள் சொல்கின்றன. சி.ஏ.ஜி என்று அறியப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும், பிரிட்டனில் 1983இன் சட்டத்தால் அமைந்த தேசியத் தணிக்கை அலுவலகமும் தங்கள் அறிக்கைகளைச் சுருக்கத்தோடு வெளியிடுகின்றன. அந்தச் சில பக்கச் சுருக்கத்தைப் படிப்பதற்கு ஒரு விவாத நிகழ்ச்சியைப் பார்க்கும் நேரம்கூடத் தேவைப்படாது.

இந்த ஆவண வாசிப்பு மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். ஒரு முடிவை எடுத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நினைவுக்குறிப்புகள் வேண்டும். ஒரே நிகழ்வைப் பற்றி எதிரெதிர்த் தரப்பிலிருந்த இருவர் எழுதியவற்றை அடுத்தடுத்துப் படித்தால், ஒவ்வொருவரும் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது தெரியும். நாவல்களையும் கவிதைகளையும் அரசியலுக்குப் பயன்படும் என்ற நோக்கத்தோடு படிக்காதீர்கள்; அவற்றுக்கு அவற்றின் நேரத்தைக் கொடுங்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உண்மையில் மாலையில் குறைவாக இருப்பது கவனம்தான். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குச் செல்லும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். பின்னர் அவரும் தெரசா குளோமும் செய்த ஆய்வில், வேலையை விட்டு எழும் முன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகக் குறித்துவைத்தவர்களுக்கு இந்தத் தேக்கம் குறைந்தது. அலுவலகத்தில் எழும் முன் அந்தக் குறிப்பை எழுதிவிட்டு வாருங்கள். வீட்டில் புத்தகத்தைத் திறக்கும்போது வேறுபாட்டை உணர்வீர்கள். அலுவலக மின்னஞ்சல் மாலையிலும் துரத்துகிறதென்றால் அது உங்கள் ஒழுக்கக்குறைவு மட்டுமன்று, அரசியல் பிரச்சினையும்தான். பணி நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல் சட்டத்தில் சேர்த்தது. மாலை நேரம் முடியாதென்றால் காலையில் அரை மணி நேரம் படியுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு பக்கம் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள்: யார் எந்த அலுவலகத்தில் என்ன செய்தால் இந்தத் திட்டம் நடக்கும் என்று. எழுத முடியாத இடத்தில் மீண்டும் ஆவணத்துக்குப் போங்கள். மற்ற விஷயங்களில் எனக்கு இன்னும் தெரியாது என்று சொல்லுங்கள். அலுவலகத்தில் உங்கள் துறையல்லாத கேள்விக்கு நீங்கள் ஏற்கெனவே அப்படித்தான் பதில் சொல்கிறீர்கள்.

அலுவலகத்தில் பேசுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அரசு ஊழியரென்றால் நடத்தை விதிகளை முதலில் படியுங்கள். அமெரிக்காவில் 1939இன் ஹாட்ச் சட்டமும் இந்திய ஒன்றிய அரசு ஊழியர்களுக்கான 1964இன் நடத்தை விதிகளும் அரசியல் செயல்பாட்டுக்கு வரம்பு வைக்கின்றன. யாருடைய பதவி உயர்வு உங்கள் கையொப்பத்தைப் பொறுத்திருக்கிறதோ அவரிடம் அரசியல் கருத்தைக் கேட்கவே கூடாது. அவரால் சுதந்திரமாகப் பதில் சொல்ல முடியாது. இணையானவர்களிடம் தாராளமாகப் பேசலாம், அதிலும் உங்கள் தொழிலைத் தொடும் சட்டங்களைப் பற்றி. உங்களைத் திணற வைத்த அந்தச் சக ஊழியரிடமிருந்தே தொடங்கலாம். அவர் கேட்டது நல்ல கேள்வி.

எனவே தொலைக்காட்சியை நிறுத்த வேண்டியதில்லை, பார்ப்பதை மாற்றினால் போதும். வாக்கு எண்ணிக்கை நாளில் பாருங்கள். எண்கள் மாறிக்கொண்டே வரும்போது அதற்கு இணையான ஊடகம் இன்னும் வரவில்லை. அவை நடவடிக்கைகளை வெட்டாமல் ஒளிபரப்பும் அலைவரிசை உங்கள் நாட்டில் இருந்தால், நீங்கள் அந்த மாதம் படித்துக்கொண்டிருக்கும் மசோதா விவாதத்துக்கு வரும் நாளில் அதைப் பாருங்கள், பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உறுப்பினர்களில் யார் அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது சில நிமிடங்களிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.